தீயணைப்பு வண்டியா, டிராக்டரா, ஆட்டோவா? கடலோரமாக நன்கொடை திரட்டப் போகிறவர்களுக்கு

நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட, வித்தியாசமான வண்டி எடுத்துக்கொண்டு கடலோரமாகப் போவோம் என்று நாலு பேர் பேசி முடித்த அடுத்த நிமிடமே சண்டை வந்துவிடும். எந்த வண்டி? எங்கள் கூட்டத்தில் ஒருவர் பழைய தீயணைப்பு வண்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, இன்னொருவர் டிராக்டர், நான் ஆட்டோ. யாரும் இறங்கி வராததால் மூன்றும் கிளம்பின. பாதி வழியில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவும் வந்து சேர்ந்துகொண்டது. நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்டோ ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு வண்டி வந்து நின்றால் கூட்டம் சேருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தைகள் ஓடி வருவார்கள், பெரியவர்கள் போட்டோ எடுப்பார்கள். பிரச்சினை என்னவென்றால் எல்லோரும் பத்தடி தள்ளி நின்றே எடுப்பார்கள். உண்டியலோ ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு மேலே இருந்தது. போட்டோ எடுத்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். அப்புறம் செலவு. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு லிட்டருக்கு 3, 4 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. 800 கிலோமீட்டர் போக 200 லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும், அதே தூரத்துக்கு ஆட்டோவுக்கு 30 லிட்டர் பெட்ரோல் போதும். டீசல் காசை நன்கொடையில் கைவைக்காமல் சொந்தப் பையிலிருந்து போடுவது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் "எங்கள் பணத்தில் ஊர் சுற்றுகிறார்களா" என்று யாராவது கேட்கும்போது பதில் இருக்காது. இன்னொன்று, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். 1,800 லிட்டர் என்றால் 1.8 டன், யாருக்காகச் சுமக்கிறோம்? கனரக உரிமம் உள்ள ஓட்டுநர் வேண்டும், பழைய பாலங்களில் எடை வரம்புப் பலகையைப் பார்க்க வேண்டும், பல நாடுகளில் தனியார் வண்டி சைரன் போடவோ அவசர விளக்கு எரியவிடவோ கூடாது. சைரன் இல்லாத தீயணைப்பு வண்டி என்றதும் குழந்தைகளின் முகம் தொங்கிப்போகும் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

டிராக்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணலில் போகும், மேட்டில் ஏறும். ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒற்றைப் பாதைக் கடலோரச் சாலையில் போனால் பின்னால் இருபது கார் ஊர்ந்து வரும், கடைசியில் முந்திப் போகிறவர் கண்ணாடியை இறக்குவது காசு போட அல்ல. டிரெய்லரில் ஆள் ஏற்றுவதற்குப் பல இடங்களில் தடை உண்டு. அதனால் டிராக்டர்காரர் எட்டு மணி நேரம் தனியாகக் குலுங்கிக்கொண்டே வந்தார். பாவம்.

ஆட்டோவுக்கு வருவோம். ஓட்டிப் பழகாதவர்களுக்கு முதல் நாள் விளையாட்டாகத்தான் இருக்கும். கிளட்சும் கியரும் இடது கைப்பிடியிலேயே இருப்பதால் மூன்றாம் நாள் காலையில் அந்த மணிக்கட்டை மடக்க முடியாது, ஆள் மாற்றி ஓட்டுங்கள். திறந்த பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டி ஒரு முழம் நகரும். வளைவில் பிரேக் போட்டுக்கொண்டே திருப்பாதீர்கள், முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் எடை முன்மூலைக்குச் சாய்ந்து கவிழப் பார்க்கும், வேகத்தை முன்பே குறைத்துவிட்டுத் திரும்புங்கள். எங்களுக்கு இரண்டு முறை கிளட்ச் கேபிள் அறுந்தது. உப்புக்காற்றில் கேபிளின் இழைகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக விட்டுப்போகும், வெளியே தெரியாது. தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பேர் கேபிள் இரண்டைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் ஆட்டோ என்கிறேன்? ஒரு மாலை, கடற்கரைக்கு இறங்கும் பாதையில் முன்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்னும் உள்ளே போனது. ஆட்டோ என்ன, 300, 350 கிலோதானே. பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஆறு பேர், நடைக்கு வந்த ஒரு தாத்தா, எல்லோரும் சேர்ந்து "ஹோ" என்று தூக்கித் தார்ச்சாலையில் வைத்தார்கள். வைத்துவிட்டுத்தான் "எதுக்குப்பா இந்த வண்டில சுத்துறீங்க?" என்று கேட்டார் தாத்தா. சொன்னோம். கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் பையைத் திறந்தார், பையன்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அன்றைக்குத் தீயணைப்பு வண்டி மூன்று ஊரில் வாங்கியதைவிட எங்கள் பெட்டியில் அதிகம் இருந்தது. வண்டியில் கை வைத்தவர்கள்தான் காசு போடுகிறார்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் அப்படித்தான் நடந்தது.

மெதுவாகப் போவதற்கும் இதில் பங்கு உண்டு. 1980இல், புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர் கனடாவின் செயின்ட் ஜான்ஸில் தன் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடத் தொடங்கியபோது ஆரம்ப நாட்களில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறு துறைமுக ஊர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. தலைக்கு ஒரு டாலர்! 143 நாளில் அவர் ஓடியது 5,373 கிலோமீட்டர். கூட ஒரு வேன் போனது, ஆனால் ஜனங்கள் பார்த்தது காலைத்தான்.

அந்தக் கணக்கில் சைக்கிள் ரிக்‌ஷாதான் எல்லாவற்றையும் விஞ்ச வேண்டும். 2011இல் பிபிசியின் குழந்தைகள் நிதிக்காகத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மேட் பேக்கர் எடின்பரோவிலிருந்து லண்டன் வரை மிதித்தது அதைத்தான். வேர்வையைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும், மிதிப்பவர் மூச்சு வாங்க நிற்கும்போது பேச்சுக் கொடுக்கவும் எளிது. ஆனால் காற்று! எதிர்க்காற்று வலுக்க வலுக்க நாளைக்கு 60 கிலோமீட்டர் என்று போட்ட திட்டம் 35இல் நிற்கும். வெயில் ஏறிய பிறகுதான் கடல்காற்று பலமாகக் கிளம்பும், ஆகவே விடிவதற்கு முன் புறப்பட்டு முற்பகலில் முடித்துவிடுங்கள். பின்னால் ஒரு துணைவண்டியும் தொடை வலு உள்ள மூன்று பேரும் கட்டாயம். அதற்காக முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும் பழங்காலச் சைக்கிளுக்குப் போய்விடாதீர்கள். தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884இல் கிளம்பி அதில் உலகத்தையே சுற்றினார், சரி, ஆனால் உண்டியலை நீட்ட ஒவ்வொரு முறையும் அதிலிருந்து குதித்து இறங்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் பொது இடத்தில் வசூலிக்க அனுமதி வேண்டுமா என்று ஊருக்கு ஊர் கேட்டுக்கொள்ளுங்கள், உண்டியலுக்கு முத்திரை வையுங்கள். க்யூஆர் கோடை வண்டியின் முதுகில் ஒட்டாதீர்கள், பின்னால் ஓட்டி வருகிறவர் போனை எடுத்து வம்பில் மாட்டுவார். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் ஒட்டுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஆட்டோ என்பேன். தொடையில் நம்பிக்கை இருந்தால் சைக்கிள் ரிக்‌ஷா. தீயணைப்பு வண்டியைக் கிளம்பும் ஊரிலும் சேரும் ஊரிலும் இரவல் வாங்கி நிறுத்திக்கொள்ளலாம், நடுவில் வேண்டாம். டிராக்டர்காரர் மட்டும் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். எங்களுக்குத் துணையாக வந்த காரை மணலிலிருந்து இழுத்துப் போட்டது அவருடைய கயிறுதானாம். அதை இதில் எழுதியே தீர வேண்டும் என்றார், எழுதிவிட்டேன்.