பிசியா, கால்க்கா, ஜிபியா? கட்டளை வரியில் எண் கோட்பாடு

பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றமும் மட்டு எண்கணிதமும் (மீதிகளை வைத்துக் கணக்கிடுவது) நடத்தும்போதெல்லாம், பாடநூலில் உள்ள இரண்டு மூன்று இலக்க எண்களைத் தாண்டிப் போக வேண்டும் என்று சில பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடும். அந்த ஆசைக்காகவே கணித மன்றத்தில் ஒரு மடிக்கணினியை வைத்திருக்கிறோம். அது என் அக்காள் மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. நினைவகம் குறைவு, அதில் லினக்ஸ் மட்டும் போட்டிருக்கிறேன். எங்கள் பள்ளி இருக்கும் மேட்டில் கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிது. ஆகவே இணையத்தை நம்பாமல், கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் விடை சொல்லும் கணிப்பான் ஒன்றுதான் எங்களுக்குத் தேவையாக இருந்தது. நான்கு ஆண்டுகள் பிசி (bc), ஒரு கோடை விடுமுறை முழுவதும் கால்க் (calc), கடந்த இரண்டரை ஆண்டுகளாக ஜிபி (gp) என்று மூன்றையும் பயன்படுத்திவிட்டேன். என் சாய்வு ஜிபியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மூன்றுக்கும் பொதுவானவற்றை நீட்டி முழக்கத் தேவையில்லை. மூன்றும் இலவசம், மூன்றும் பழைய கணினியில் ஓடும், மூன்றிலும் நினைவகம் தாங்கும் அளவுக்கு எத்தனை இலக்க முழு எண்ணையும் கையாளலாம், மூன்றிலும் சுழற்சியும் நிபந்தனையும் செயற்கூறும் எழுதலாம். பைத்தான் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். பைத்தான் நல்ல மொழி. ஆனால் அது கணிப்பான் அன்று, நிரல்மொழி. காரணிப்படுத்தக்கூடத் தனி நூலகம் ஒன்றைத் தேடி நிறுவ வேண்டும் என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

பிசியிலிருந்து தொடங்குகிறேன். (பெயரைக் கேட்டதும் சாதிச் சான்றிதழ் நினைவுக்கு வந்து பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள்.) 1975-இல் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மோரிஸும் லொரிண்டா செர்ரியும் எழுதிய கருவி அது. கூட்டல், பெருக்கல், வகுத்தல், மீதி, அடுக்கு, வர்க்கமூலம் ஆகியவை உண்டு. கணித நூலகத்தோடு திறந்தால் சைன், கொசைன், மடக்கை போன்றவையும் வரும். எண் கோட்பாட்டுக்கென்று மட்டும் எதுவுமே இல்லை. மீப்பெரு பொது வகுத்தியைக்கூட நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதைக் குறை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு கூட்டத்தில் வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டியதாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: 2^67 − 1 என்பது 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிய தொகை. இதைப் பிசியில் கண்டுபிடிக்கச் சொன்னபோது, பிள்ளைகள் முதலில் 3, 5, 7 என்று ஒவ்வோர் ஒற்றை எண்ணாக வகுத்துப் பார்க்கும் சுழற்சியை எழுதினார்கள். அது விடை சொல்லும் வழியாக இல்லை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்ற பழைய உண்மையைச் சொல்லிக்கொடுத்த பிறகு, வகுத்துப் பார்க்க வேண்டியவை பதினைந்து லட்சத்துக்கும் குறைவாகச் சுருங்கின. சரியாக 1445580-ஆவது முயற்சியில் காரணி கிடைத்தது. ஒன்றும் தராத கருவி, கணிதத்தைக் கற்க வைத்தது. ஜிபியில் இதே கேள்விக்கு எந்தச் சிந்தனையும் இல்லாமல் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அதில் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு.

இருந்தும் நான் பிசியை விட்டதற்கு ஒரே காரணம், நாமே எழுதிய கோப்பைப் பராமரிக்கும் சுமை. வேகம் இரண்டாம்பட்சம். இந்தச் சுமையைக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் பிசி கோப்பு மீப்பெரு பொது வகுத்தியில் தொடங்கி, மாடுலோ அடுக்கு (ஓர் எண்ணின் அடுக்கை இன்னோர் எண்ணால் வகுத்த மீதி), நேர்மாறு, மில்லர்–ராபின் பகா எண் சோதனை என்று வளர்ந்து முந்நூறு வரிகளைத் தாண்டியது. அதில் ஒரு செயற்கூறு, ஒரு பகா எண்ணின் தலைகீழியைத் தசமமாக எழுதினால் எத்தனை இலக்கங்களுக்கு ஒருமுறை அது திரும்பிச் சுழல்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும். வழி எளிது: 1-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10-ஆல் பெருக்கிப் பகா எண்ணால் வகுத்த மீதியை எடுத்து, மீதி மறுபடியும் 1 ஆகும்வரை எண்ணிக்கொண்டே போவது. 7-க்கு 6, 13-க்கு 6, 17-க்கு 16 என்று என் கையில் எல்லாம் சரியாகவே வந்தன.

ஒரு நாள் மாலை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் திறந்து 7-ஐக் கொடுத்துவிட்டு, “சார், ஏழுக்கே நின்னுபோச்சு சார்” என்றாள். கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது, திரையில் ஒன்றும் இல்லை. கன்ட்ரோல்–சி அழுத்தி நிறுத்திவிட்டு, சுழற்சிக்குள் மீதியை அச்சிடச் சொல்லிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் அதற்கு முன் முக்கோணவியல் கணக்கு ஒன்றைப் போட்டிருந்ததால், பிசியைக் கணித நூலகத்தோடு திறந்திருந்தாள். அப்படித் திறந்தால் வகுத்தல் 20 தசம இடம் வரை போகும். மீதி என்பது அந்த 20 இடங்களுக்கும் பிறகு எஞ்சுவது. ஆகவே 10-ஐ 7-ஆல் வகுத்த மீதி 3 என்று வராமல், புள்ளிக்குப் பின் 19 சுழியங்களும் ஒரு 6-உம் என்று வந்தது. அடுத்தடுத்த மீதிகள் 4, 5, 1, 3, 2 என்று அதே இருபதாம் இடத்தில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஏழின் சுழற்சி அங்கேயும் மாறவில்லை. நான் எதிர்பார்த்த முழு எண் 1 மட்டும் எந்நாளும் வராது. அந்த மாணவிக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது, எனக்கோ கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

செயற்கூறின் உள்ளேயே தசம இடத்தைச் சுழியமாக்கிச் சரிசெய்தேன். அடுத்த வாரம் வேறொரு பையன் 22-ஐ 7-ஆல் வகுத்தால் வெறும் 3 வருகிறதே என்று வந்து நின்றான். பிசியில் தசம இட அமைப்பு எல்லாவற்றுக்கும் பொது. நான் உள்ளே மாற்றியது வெளியேயும் மாறிவிட்டது. பழைய மதிப்பைச் சேமித்து முடிவில் திருப்பி வைக்கும்படி எல்லாச் செயற்கூறுகளையும் திருத்தினேன். அவற்றில் ஒன்று நடுவிலேயே விடையைத் தந்து திரும்பும் வழியில் திருப்பி வைக்க மறந்திருந்தேன். அது தெரிய இன்னும் ஒரு பருவத் தேர்வு கடந்தது. இதற்கிடையில் யாரோ 5-ஐக் கொடுத்தபோது மீதி சுழியத்தில் சிக்கி மறுபடியும் முடிவில்லாத சுழற்சி. எல்லாம் என் தவறுகள்தான், பிசியின் தவறுகள் அல்ல. ஆனால் முந்நூறு வரிகளுக்கு நான் ஒருவனே பொறுப்பாளி என்பதும், பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் பாதியைக் கோப்பைப் பழுதுபார்ப்பதில் கழிக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தன.

அந்தக் கோடையில் கால்க்கை எடுத்துப் பார்த்தேன். டேவிட் பெல் தொடங்கி, லேண்டன் கர்ட் நோல் வளர்த்துவரும் கருவி அது. இந்த நோல் பள்ளி மாணவனாக இருந்தபோதே, 1978-இல் லாரா நிக்கலோடு சேர்ந்து 2^21701 − 1 பகா எண் என்று கண்டறிந்தவர். அடுத்த ஆண்டு 2^23209 − 1-ஐத் தனியாகக் கண்டறிந்தார். எண் கோட்பாட்டுக்காரர் கையில் வளர்ந்த கருவி என்பது தட்டிப் பார்த்தவுடன் தெரிகிறது: மீப்பெரு பொது வகுத்தி, மாடுலோ அடுக்கு, நேர்மாறு, ஜேகோபி குறியீடு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, வகுத்தல் விகிதமுறு எண்ணாகத் துல்லியமாக நிற்பதால் என் பிசி விபத்து இங்கே நடக்கவே வாய்ப்பில்லை, உதவிக் குறிப்புகளும் கணினியிலேயே உள்ளன. சி மொழி படித்தவர்களுக்கு அதன் நடை உடனே பழகிவிடும். ஆனால் பகா எண்ணா என்று கேட்கும் நேரடிச் செயற்கூறு 2^32 வரைதான் பதில் தரும். அதற்கு மேல் நிகழ்தகவுச் சோதனைக்குப் போக வேண்டும். காரணிச் செயற்கூறும் சிறிய காரணி ஒன்றைத் தேடித் தருவதோடு நின்றுவிடுகிறது; முழுக் காரணிப்படுத்தலுக்கு மறுபடியும் நாமே கோப்பு எழுத வேண்டும். பிசியைவிடப் பாதிச் சுமை என்று சொல்லலாம். ஒரு விடுமுறைப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அதன் ஆழத்தை அளந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன்.

ஜிபி என்பது பாரி என்ற தொகுப்பின் உரையாடல் முகம். 1980-களின் நடுவில் பிரான்சின் போர்டோ நகரில் ஹென்றி கோயனும் அவர் குழுவினரும் தொடங்கினார்கள். இப்போது கரீம் பெலபாஸ் பொறுப்பில் அதே பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. பாஸ்கல் மொழியில் எண்கணிதம் என்பதைச் சுருக்கி வைத்த பெயர்தான் பாரி. ஆனால் அதியமான் ஆண்ட தகடூரில் இருந்துகொண்டு இந்தப் பெயரைச் சொன்னால், “முல்லைக்குத் தேர் கொடுத்தவரா சார்?” என்றுதான் கேட்பார்கள், கடையேழு வள்ளல்களில் இருவர் எங்கள் கணித மன்றத்தில் இருக்கிறார்கள் என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அந்த முந்நூறு வரிக் கோப்பு இங்கே என்ன ஆயிற்று என்றால், ஒரே வரி ஆயிற்று. 10 என்பதை ஒரு பகா எண்ணால் வகுத்த மீதியாக அறிவித்து, அதன் வரிசையை, அதாவது எத்தனையாவது அடுக்கில் மீதி முதல்முறை 1 ஆகிறது என்பதைக் கேட்டால் தசமச் சுழற்சியின் நீளம் வந்துவிடும். மீதி என்பது தனியாக எடுக்கும் ஒன்றாக இல்லாமல் அந்த எண்ணின் இயல்பாகவே ஒட்டிக்கொள்வதால், தசம இட அமைப்பு போன்ற வெளிக் காரணம் அதைக் கெடுக்க முடியாது. 2-ஐயோ 5-ஐயோ கொடுத்தால் பொதுக் காரணி இருக்கிறது என்று பிழைச் செய்தி சொல்லி நிற்கிறதே தவிர, சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. 7 முதல் 1000 வரை பகா எண்களை எடுத்து, சுழற்சியின் நீளம் எண்ணைவிட ஒன்றே குறைவாக இருப்பவை எத்தனை என்று அதே மாணவி கேட்டாள்; 60 என்று வந்தது. ஆயிரத்துக்குள் மொத்தம் 168 பகா எண்கள். பத்தாயிரம் வரை போனபோது 1229-இல் 467. விகிதம் ஆர்ட்டின் மாறிலி எனப்படும் 0.3739-ஐ ஒட்டி நிற்பதைக் காட்டி, இது ஏன் என்பதற்கு இன்னும் முழு நிறுவல் இல்லை என்று சொன்னபோது வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தின் 61 மடங்கைக் கழித்தால் 1 வர வேண்டும் என்ற சமன்பாட்டுக்கு இரண்டாம் பாஸ்கரர் தந்த விடை 1766319049, 226153980. பிசியில் இதற்குத் தொடர் பின்னம் எழுதி ஒரு வாரம் மல்லாடினோம். ஜிபியில் 61-க்கு உரிய அடிப்படை அலகு எனப்படும் எண்ணைக் கேட்டு அதை ஆறாம் அடுக்குக்கு உயர்த்தினால் போதும். இராமானுஜனின் பிரிவினை எண்களுக்கும் (ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரித்து எழுதலாம் என்ற எண்ணிக்கை) தனிச் செயற்கூறு உண்டு. 4, 9, 14, 19 என்று கொடுத்து 5, 30, 135, 490 என எல்லாம் 5-ஆல் வகுபடுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்தார்கள்.

ஜிபிக்கும் பராமரிப்பு உண்டு, அது வேறு வகை. மதிப்பு கொடுக்காத மாறியை அது பிழை என்று சொல்லாமல் பல்லுறுப்புக்கோவையின் மாறியாக எடுத்துக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் விடையாக எண்ணுக்குப் பதில் ஒரு கோவை வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் இதில் கட்டாயம் ஒருமுறை விழுவார்கள். பெரிய பட்டியல்களைச் சேர்த்தால் அடுக்கு நினைவகம் நிரம்பிவிட்டது என்ற செய்தி வரும். அமைப்புக் கோப்பில் உச்ச அளவைக் கூட்டிவைத்தால் தீரும். மிகப் பழைய பதிப்புகளிலிருந்த செயற்கூறுகளின் பெயர்கள் பிற்பாடு மாறின. அதற்கென்றே பழைய பெயரைச் சொன்னால் புதிய பெயரைச் சொல்லும் கட்டளையையும் வைத்திருக்கிறார்கள். பிசியின் மொழி ஒரு தரநிலைக்குள் அடங்கியது என்பதால் அன்று எழுதியது இன்றும் அப்படியே ஓடுகிறது. இந்த ஒரு கணக்கில் பிசிதான் மேல்.

விடையை எவ்வளவு நம்பலாம் என்பதிலும் கவனம் தேவை. ஜிபியில் பகா எண்ணா என்று நேரடியாகக் கேட்டால் நிறுவியே சொல்கிறது. ஆனால் காரணிப்படுத்தும்போது வரும் பெரிய காரணிகளை, நாம் அமைப்பில் கேட்டுக்கொண்டாலொழிய, பகா எண் போன்றவை என்ற அளவிலேயே ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சோதனையை ஏமாற்றிய எண் எதுவும் இதுவரை தெரியவில்லை என்பதால் பள்ளிக்கு அது போதும். நீள்வட்ட வளைகோடு, இயற்கணித எண் புலம் என்று ஜிபியின் மிகப் பெரிய பகுதி ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததோடு சரி, அதை வைத்து யாருக்கும் பரிந்துரைக்க எனக்குத் தகுதியில்லை.

என் அக்காள் மகன் இப்போது இளங்கலைக் கணிதம் படிக்கிறான். “மாமா, அந்த பிசி ஃபைலை அழிச்சுடாதீங்க, எனக்கு அனுப்புங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டான். மில்லர்–ராபினைத் தானே எழுதிப் பழக அதுதான் வசதி என்கிறான். மன்றத்து மடிக்கணினியில் புதுப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் பிசியைத்தான் திறந்துவிடுகிறேன், அதுவும் கணித நூலகம் இல்லாமல். யூக்ளிடின் முறையைத் தாங்களே எழுதி, அது சரியாக ஓடிய பிறகுதான் கட்டளைக்குக் காத்திருக்கும் ஜிபியின் கேள்விக்குறி திரையில் காட்டப்படும்.