குளியலறைத் தரைக்கு எது ஏற்றது? பல ஆண்டுப் புழக்கத்தில் தெரிந்தவை

எங்கள் வீட்டுக் குளியலறைகளில் ஒன்றில் மெருகேற்றிய கிரானைட்டும் மற்றொன்றில் சற்றே சொரசொரப்பான விட்ரிஃபைட் டைல்ஸும் (அதிக வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுக்கமாக்கியவை) பதித்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். தண்ணீரால் இரண்டுமே கெடவில்லை. ஆனால் ஈரத்தில் கால் வைக்கும்போதும் தேய்த்துக் கழுவும்போதும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தினமும் தெரிகிறது.

கிரானைட்டின் உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரும்பு வாளி விழுந்தும் விரிசல் விடவில்லை, நிறமும் மங்கவில்லை. ஆனால் சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் அதன்மேல் நம்பி நிற்க முடியாது. ரப்பர் விரிப்பு போட்டோம்; அதன் அடியில் வழுவழுப்பான அழுக்கு படிவதால், அதை நாள்தோறும் தூக்கிக் கழுவிக் காயவைப்பது தனி வேலையாகிவிட்டது. கிரானைட்தான் வேண்டும் என்பவர்கள் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லையோ, தோல் போல லேசான மேடுபள்ளம் கொண்ட லெதர் ஃபினிஷ் கல்லையோ கேட்டு வாங்குவது நல்லது. பளிங்கைக் குளியலறைத் தரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சுண்ணாம்புக் கல் இனம் என்பதால் ஆசிட் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறு பட்டாலும் பளபளப்பு போய்விடும்.

டைல்ஸ் வாங்கும்போது நீரை உறிஞ்சும் அளவை முதலில் பார்க்க வேண்டும். நல்ல விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது; சுவருக்கான செராமிக் டைல்ஸோ பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும் என்பதால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அதைத் தரையில் பதிக்கக் கூடாது. அடுத்தது வழுக்கல் தரம். பெட்டியில் காணப்படும் ஆர்-9, ஆர்-10 போன்ற குறியீடுகள், எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு நடந்து பார்த்துத் தரப்படுபவை. வெறுங்காலுக்கும் ஈரத்துக்கும் ஏ, பி, சி என்ற வேறு வகைப்பாடு இருக்கிறது; இதில் சி-க்குத்தான் பிடிமானம் அதிகம். குளிக்கும் இடத்துக்கு பி வகை பொருந்தும். அதற்காக இருப்பதிலேயே மிகவும் சொரசொரப்பானதைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சிறு குழிகளில் சோப்பும் உப்பும் இறங்கிவிட்டால் பிரஷால் எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாக வராது. கடையில் மாதிரி டைல்ஸின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால், அழுக்கு எவ்வளவு எளிதில் போகும் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

உண்மையில் முதலில் முதுமையடைவது டைல்ஸ் அல்ல, டைல்ஸ்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கும் கலவையான கிரவுட்தான். எங்கள் குளியலறையில் குழாய்க்கு அடியிலிருந்த வெளிர்நிறச் சிமெண்ட் கிரவுட் முதலில் பழுப்பாகி, ஆசிட் கலந்த திரவத்தால் கழுவக் கழுவ அரித்து, விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்ற பிசின் வகை கிரவுட் போட்ட பிறகு கறை பிடிப்பதில்லை. ஆனால் அது விரைவில் இறுகிவிடும். வேலை செய்பவர் உடனுக்குடன் துடைக்காவிட்டால் சொரசொரப்பான டைல்ஸில் மங்கலான படலம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எந்தக் கல்லானாலும் வாட்டம் சரியில்லையென்றால் பயனில்லை. ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சரிவு தேவை. வடிகால் அறையின் நடுவில் இருந்தால் நான்கு பக்கமும் சரிவு கொடுக்க வேண்டியிருப்பதால் சிறிய டைல்ஸ்தான் படியும். ஒரு சுவரோரமாக நீள வடிகால் வைத்தால் பெரிய டைல்ஸும் சரிவரும். எங்கள் டைல்ஸ் தரையில் கதவுக்குப் பின்னே உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்குகிறது. உப்பின் வெள்ளை வளையம் முதலில் தோன்றுவதும் அங்கேதான்.

டைல்ஸும் கிரவுட்டும் கீழ்த்தளத்துக்கு நீர் இறங்குவதைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அடியில் வாட்டர்புரூஃபிங் செய்து, தண்ணீரைக் கட்டி குறைந்தது 24 மணி நேரம் நிறுத்திப் பார்த்த பிறகே பதிக்கத் தொடங்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பில் உப்பும் வெள்ளையில் தலைமுடியும் பளிச்சென்று தெரிகின்றன. மணல் நிறமோ நடுத்தரச் சாம்பலோ இரண்டையும் மறைக்கிறது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் நிறம் சற்று மாறும் என்பதால், அதே தொகுதியில் ஒரு பெட்டியைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தோம். பின்னர் குழாய்ப் பழுதுக்காகத் தரையை உடைத்தபோது, ஒட்டுப்போட்டது தெரியாமல் மூட அதுதான் உதவியது.