மோரா, ஜெல்லா, மாத்திரையா?

மாதவிடாய் நிற்கும் வயதில் (மெனோபாஸ்) திடீரென்று உடம்பில் சூடு ஏறி வேர்த்துக் கொட்டுமே, அது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் வந்தது. எனக்கு 49 வயது. ஓரகத்திக்கு 52, அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மதுரையில் மார்ச் மாதம், ராத்திரி இரண்டு மணிக்கு, மாடியில் நானும் கீழே அவரும் எழுந்து உட்கார்ந்திருப்போம். காலையில் காப்பி ஆற்றும்போது, "எத்தனை தடவைடி?" என்பார். "நாலுக்கா." "எனக்கு ஆறு."

நெஞ்சில் ஆரம்பிக்கும். கழுத்து, காது மடல் என்று ஏறும். நெஞ்சு படபடக்கும், முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கிவிடும். தொல்லை அதோடு முடிவதில்லை, அப்புறம் குளிரும். உதறித் தள்ளிய போர்வையை இருட்டில் தேட வேண்டும்.

மாமியார் இதை 'உடம்புச் சூடு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நல்லெண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், மோர், நன்னாரி. ஒரு மாதம் எல்லாம் செய்தோம். தலைமுடி பளபளவென்று ஆனது, வேர்வை நிற்கவில்லை. பிறகுதான் புரிந்தது, இங்கே ஏறுவது உடம்பின் சூடு அல்ல. மூளையில் ஹைபோதாலமஸ் என்று ஒரு பகுதி ஏசியின் தெர்மோஸ்டாட் மாதிரி வேலை பார்க்கிறது. சூடு இம்மி கூடினாலும் குறைந்தாலும் சாதாரணமாக அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. துளி ஏறினால் வேர்க்க வைக்கும், துளி இறங்கினால் நடுங்க வைக்கும். இது மோர் போய்ச் சேரும் இடமில்லை.

குளிர்ச்சி வழிகளில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது ஏசிக்குத்தான். 20 டிகிரியில் வைத்துக் கனத்த போர்வைக்குள் படுப்பது மாதிரி மோசமான ஏற்பாடு வேறில்லை. உள்ளே வேர்க்கும், போர்வையை விலக்கினால் பல் கிட்டும். ஃபேனை வேகமாக வைத்து, பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்வது எனக்கு அதைவிட எவ்வளவோ தேவலை. மதுரையின் காய்ந்த காற்றுக்கு ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். சென்னையில் இருக்கும் தங்கையும் ஒன்று வாங்கினாள். அங்கே இருக்கிற புழுக்கத்தில் அது இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்ததுதான் மிச்சம். நைலான் நைட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் இவை எல்லாமே வந்ததைச் சமாளிக்கத்தான், வராமல் தடுக்க இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் இல்லாத வழிகளை அலசியபோது குளிர்ச்சி முறைகள், யோகா, மூச்சுப் பயிற்சி, சோயா எதையுமே இதற்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. சிபிடி என்கிற மனப்பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதனால் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, எரிச்சல் குறையும்.

தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியால் குணமானது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினையில் மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கே ஆய்வுகளில் நல்ல பலன் தெரிகிறது. அதனால்தான் யார் அனுபவத்தையும் (என்னுடையதையும் சேர்த்து) முழுசாக நம்ப முடியாது.

சரி, மருந்துக்கு வருவோம். எனக்கு ஹார்மோன் சரிப்பட்டது. கையில் தடவும் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) ஜெல், ராத்திரி 100 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் வரலாம், அதற்குத்தான் இரண்டாவது மருந்து. அது தூக்கத்தையும் தருவது எனக்குக் கிடைத்த கொசுறு. கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மாத்திரையைவிட ஜெல்லில் ரத்தம் கட்டும் அபாயம் குறைவு. தடவிய இடத்தைக் குழந்தைகள் தொடக்கூடாது, அதனால் பேரன் எழுவதற்கு முன்பே தடவிவிடுவேன். மூன்றாவது வாரம் நாலு ஒன்றானது.

பயப்படவில்லையா என்று கேட்பார்கள். பயந்தேன். ஹார்மோன் மருந்தைப் பற்றி நடந்து 2002இல் நிறுத்தப்பட்ட அமெரிக்கப் பெரும் ஆய்வுதான் எல்லோருடைய பயத்துக்கும் மூலம். அதில் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் (செயற்கைப் புரோஜெஸ்ட்ரோன்) எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், 60க்கு முன் தொடங்குகிறவர்களின் கணக்கு வேறு. சூடு ஏறுவதைக் குறைப்பதில் ஹார்மோனுக்கு ஈடான மருந்து கிடையாது. தடவைகள் முக்கால்வாசி குறைகின்றன.

அக்காவுக்கு இந்தக் கதவே திறக்காது. 47 வயதில் மார்பகப் புற்றுநோய், அது திரும்பாமல் இருக்க ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையை இப்போதும் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையே சூட்டைக் கிளப்பும். ரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் பொதுவாக ஹார்மோன் கொடுப்பதில்லை. ஒரு மருத்துவர் அக்காவுக்கு, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் பராக்ஸெட்டின் எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் 2013இல் இதற்கென்றே அனுமதி பெற்ற மாத்திரைதான். ஆனால் டமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கும். சீட்டைப் பார்த்ததும் புற்றுநோய் மருத்துவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு வென்லாஃபாக்ஸின் என்கிற வேறொரு மனச்சோர்வு மருந்தை எழுதினார். முதல் வாரம் குமட்டல். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. ஆறு மூன்றானது. அதற்கு முன் காபாபென்டின் என்கிற நரம்பு மருந்தையும் சாப்பிட்டுப் பார்த்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினார், காலையில் அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பகலில் நன்றாக இருந்து ராத்திரி மட்டும் அவதிப்படுகிறவர்கள், தலைசுற்றலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், அதைப் பற்றிக் கேட்கலாம்.

புதிய வகை மாத்திரைகள் நேராக அந்தத் தெர்மோஸ்டாட் நரம்புகளிலேயே கை வைக்கின்றன. 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெடன்ட் அதில் ஒன்று. 2024 டிசம்பரில் கல்லீரல் பாதிப்பு பற்றிய கடும் எச்சரிக்கை அதில் சேர்ந்தது, ரத்தப் பரிசோதனை கட்டாயம். எங்கள் தெரு மெடிக்கலில் கேட்டேன், பெயரையே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இதே வகையில் இன்னொன்றான எலின்சனெடன்ட், மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மருந்து எடுக்கும் பெண்களிடமே சோதிக்கப்பட்டுப் பலன் கண்டது. அக்கா அதற்குத்தான் காத்திருக்கிறார்.

எதைத் தொடங்கும் முன்னும் தைராய்டைப் பார்த்துவிடுங்கள். கை நடுக்கமும் எடைக் குறைவும் சேர்ந்தால் காரணம் அங்கே இருக்கலாம். சாயங்காலக் காய்ச்சலோடு ராத்திரி வேர்த்தால் காசநோய்ப் பரிசோதனை.

நேற்றுக் காலையும் காப்பி ஆற்றினோம். "எத்தனைடி?" "ஒண்ணுக்கா. அதுவும் கரன்ட் போனப்ப வந்துச்சு." "எங்க ரூம்லயும்தான் போச்சு. உங்க மச்சானுக்கே வேர்த்துக் கொட்டிருச்சு," என்றார் அக்கா.