நல்ல பைக்தான், பெட்ரோல் மீட்டரைத் தவிர

நான் ஓட்டும் அதே 150 சிசி பைக்கை வாங்கலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். டேங்குக்குள் இருந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் ஃப்ளோட் யூனிட்டைக் காசு கொடுத்து மாற்றிவிட்டு வந்த வாரத்தில் கேட்டது அவருடைய நேரம். அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

இன்ஜினில் குறையே இல்லை. ஊருக்குள் லிட்டருக்கு 45, நெடுஞ்சாலையில் 50 தருகிறது. திருச்சி வரை ஓட்டினாலும் இடுப்பு வலிப்பதில்லை.

பெட்ரோல் மீட்டர் மட்டும் தனி ராஜ்ஜியம். ஃபுல் டேங்க் அடித்தால் ஆறு பாயிண்டும் எரியும். நூறு கிலோமீட்டர் தாண்டியும் ஆறும் அசையாது. அப்புறம் இரண்டு மூன்று பாயிண்ட் சரசரவென்று இறங்கும். கடைசிப் பாயிண்ட் மினுக்கத் தொடங்கியதும் பங்குக்கு ஓடினால், 13 லிட்டர் டேங்கில் ஒன்பதுதான் பிடிக்கிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உள்ளே ஒரு மிதவை, அதன் கம்பி ஏறி இறங்குவதைப் பொறுத்து மின்தடை மாறும், அதைத்தான் மீட்டர் காட்டுகிறது. டேங்க் நிரம்பும் முன்பே மிதவை மேலே முட்டிவிடும்; அதற்கு மேல் ஊற்றுவது கணக்கில் வராது. டேங்கின் அடியில் ஃப்ரேம் போவதற்குப் பள்ளம் விட்டிருப்பார்கள். மட்டம் அதற்குக் கீழே போனால் பெட்ரோல் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும், மிதவை இருப்பதோ ஒரு பக்கம். வண்டி குலுங்கும்போது மீட்டர் ஆடக்கூடாது என்று மெதுவாகவே மாறும்படியும் செய்திருப்பார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் இத்தனை தெரிந்தவர்களுக்கு அதைக் கணக்கிட்டுப் பாயிண்டுகளைப் பிரிக்கத் தெரியாதா?

இதில் பாவம், பங்க் ஊழியர்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டும் ஒரே ஒரு பாயிண்ட் ஏறினால் யாருக்கும் சந்தேகம் வரும். சந்தேகம் இருந்தால் பங்கில் இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். மீட்டரை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் போட்டால் கணக்கு இன்னும் மோசம்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் இந்தத் தொல்லையே இல்லை. பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் இருமும், டேங்குக்கு அடியில் இருக்கும் திருகை இடது கையால் ரிசர்வுக்குத் திருப்பினால் போதும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் அந்தத் திருகே இல்லை. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான். அதனால் வற்றும்வரை ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

புது யூனிட் போட்ட பிறகு மினுக்கல் சற்றுத் தாமதமாக வருகிறது. மேல் பாயிண்டுகள் பழையபடியேதான். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்றார் சர்வீஸ் சென்டர்காரர். அதற்கு எதற்கு பில்?

இப்போது ஃபுல் டேங்க் போட்டதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிடுகிறேன். 400 கிலோமீட்டர் வந்தால் பங்க். மீட்டரைப் பார்ப்பதே இல்லை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உங்கள் வண்டியைப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்றார். கொடுக்கமாட்டேன்.