உண்ணிக்குத் தேன்மெழுகுப் பூச்சு: பேணியில் வருவது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியாப் பக்கம் மாட்டு உண்ணிக்கென்று 100 கிராம் பேணியில் கிடைக்கும் தேன்மெழுகு, வேப்பெண்ணெய்ப் பூச்சைப் பற்றியது இது. வாங்கலாம். ஆனால் எதற்கென்று தெரிந்து வாங்க வேண்டும். இரத்தம் குடித்து ஊதிப்போன உண்ணியை இது கொல்லாது. புல்லிலிருந்து புதிதாக ஏறும் குஞ்சு உண்ணியைத் தோலில் வாய்வைக்க விடாமல் தடுப்பதுதான் வேலை. விரட்டுவது வேப்பெண்ணெய், அதை மயிரில் பிடித்து நிறுத்துவது மெழுகு. வெறும் வேப்பெண்ணெய் மாரிமழையில் ஒரே நாளில் கழுவுப்பட்டுவிடும். மெழுகு சேர்ந்தது மூன்று, நாலு நாள் நிற்கும்.

பேணியின் பெரிய குறை, மெழுகு போதாமை. மதிய வெயிலில் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் மட்டும் கட்டி. காதில் பூசினால் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். மூடியில் 'புரோபோலிஸ் சேர்த்தது' என்றும் இருக்கிறது. புரோபோலிஸ் என்பது தேனீ மரப்பிசின் சேர்த்துக் கூட்டில் பூசும் பசை. பெட்டியில் வளரும் நம் நாட்டுத் தேனீ மரப்பிசின் சேர்த்துக் கூடு பூசுவதில்லை, கொசுத்தேனீதான் அதைச் செய்யும். எந்தத் தேனீயுடையது என்று எழுதாதவரை அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பூசுவதற்கு முன் ஊதிய உண்ணிகளைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, மண்ணெண்ணெயில் போடுங்கள். நிலத்தில் விட்டால் ஒரு பெண் உண்ணி இரண்டாயிரத்துக்கு மேல் முட்டையிடும். பிறகு காதின் உள்விளிம்பு, கழுத்துத் தொங்கல் மடிப்பு, வாலடி, மடிக்கும் தொடைக்கும் இடை, இவ்வளவுக்கும் மெல்லிய பூச்சுப் போதும். ஒரு பசுவுக்கு 20 கிராம் அளவு போகும். முலைக்காம்பில் படக்கூடாது, பாலில் வேம்பு மணக்கும். மாட்டு உண்ணி மாட்டின் உடம்பில் ஏறக்குறைய மூன்று கிழமை இருக்கும். ஆகவே நாலு நாளுக்கொருமுறை, மூன்று கிழமை விடாமல் பூசவேண்டும். சேற்றில் புரளும் எருமைக்கு இது வீண்செலவு. தேனையே பூசுவதும் வேண்டாம், எறும்பும் ஈயும் மொய்க்கும்.

மாடு நாலைந்துக்கு மேல் என்றால் வீட்டிலேயே செய்வது மலிவு. தேன் பிழிந்த அடைச் சக்கையைத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துணியில் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாகப் படியும். கடையில் வாங்கும் மெழுகை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பாருங்கள்: தேன்மெழுகு குழையும், மெழுகுதிரி மெழுகு கலந்தது உதிரும். 100 கிராம் மெழுகுக்குத் தேங்காயெண்ணெய் 150 மில்லிலீற்றர், வேப்பெண்ணெய் 150 மில்லிலீற்றர். நம் வெயிலுக்கு இந்தக் கட்டி வேண்டும். மெழுகையும் தேங்காயெண்ணெயையும் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள், நேரடி நெருப்பில் மெழுகு பற்றிக்கொள்ளும். இறக்கி, ஓரம் வெளுக்கத் தொடங்கும்போதுதான் வேப்பெண்ணெய் ஊற்றவேண்டும். அடுப்பிலேயே ஊற்றினால் சூட்டில் அதன் வீரியம் போய்விடும், அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

பட்டியின் கட்டைவெடிப்பிலும் புல்லிலும் இருக்கும் உண்ணியை எந்தப் பூச்சும் தொடாது. சாணக்குவியலை ஒதுக்குங்கள், பட்டியை மாற்றிக் கட்டுங்கள். மாடு காய்ச்சலோடு தீனி விட்டு, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் பேணியைத் தேடவேண்டாம். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே அரச கால்நடை வைத்தியரை அழையுங்கள்.