26 வயது வரை அப்பா இன்சூரன்ஸா, சொந்த இன்சூரன்ஸா?

அமெரிக்காவில் பிள்ளைக்கு முதல் வேலை கிடைத்ததும் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் எழும். "அதான் அப்பாவோட இன்சூரன்ஸ் இருக்கே, எதுக்குத் தண்டமா காசு கட்டணும்?" என்பதோடு பேச்சு முடிந்தும் விடும். சில வீடுகளுக்கு அது சரி, எல்லா வீட்டுக்கும் இல்லை.

2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவ இன்சூரன்ஸ் சட்டப்படி, பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டம் எதுவானாலும் 26 வயது வரை அவர்களை வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், தனியாக வசிக்கலாம், அவருடைய கம்பெனியே இன்சூரன்ஸ் தரலாம், எதுவும் தடையில்லை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவிலிருந்து 21 வயதில் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறும் பிள்ளைகள், பெற்றோர் வழி இன்சூரன்ஸும் அத்தோடு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. விசாவின் வயது வரம்பு வேறு, இது வேறு. ஆனால் மருமகளையோ பேரக்குழந்தையையோ சேர்க்கும் கட்டாயம் திட்டத்துக்குக் கிடையாது. குழந்தை பெறும் எண்ணம் இருக்கும் தம்பதிக்குச் சொந்தத் திட்டம்தான் சரி.

பணக்கணக்குக்கு வருவோம். பல கம்பெனிகளில் 'ஃபேமிலி' பிரீமியம் ஒரு பிள்ளைக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். வீட்டில் இன்னும் ஒரு தம்பியோ தங்கையோ அந்தத் திட்டத்தில் இருந்தால், மூத்தவரால் கூடுதல் செலவே இல்லை. அவர் கடைசிப் பிள்ளை என்றால் கதை வேறு. அவர் விலகினால் பெற்றோரின் பிரீமியம் 'ஊழியர், துணைவர்' என்ற நிலைக்கு இறங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் பிள்ளையின் கம்பெனி பிடிக்கும் தொகையோடு ஒப்பிட வேண்டும். இளைஞர்களுக்கு அந்தத் தொகை பல இடங்களில் சொற்பமாகவே இருக்கும்.

என்னைக் கேட்டால், பிரீமியத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது ஊர். பெற்றோர் கலிபோர்னியாவில், குறிப்பிட்ட பகுதி மருத்துவர்களிடம் மட்டுமே போகவிடும் எச்.எம்.ஓ. திட்டத்தில் இருக்க, மகள் சிகாகோவில் வேலை பார்த்தால், எமர்ஜென்சி தவிர மற்ற எதற்கும் அந்த அட்டை அநேகமாக உதவாது. நாடு முழுக்க மருத்துவர் நெட்வொர்க் உள்ள பி.பி.ஓ. வகைத் திட்டம் என்றால் கவலையில்லை.

அடுத்தது ஹெச்.எஸ்.ஏ., அதாவது மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோருடையது டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள, ஹெச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதியான குடும்பத் திட்டமாக இருந்து, வரிக் கணக்கில் பிள்ளையை யாரும் டிபெண்டண்டாக (தன்னைச் சார்ந்தவராக) காட்ட முடியாத நிலை என்றால், பிள்ளை தன் பெயரில் தனி ஹெச்.எஸ்.ஏ. திறந்து, குடும்பத் திட்டத்துக்கான ஆண்டு வரம்பு முழுவதையும் போடலாம். 2026-இல் அது 8,750 டாலர். சொந்தமாகத் தனிநபர் திட்டம் எடுத்தால் வரம்பு 4,400 டாலர்தான். சேமிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளையின் மருத்துவச் செலவுக்கு அப்பா தன் ஹெச்.எஸ்.ஏ.விலிருந்து வரியில்லாமல் எடுக்க முடியாது. பிள்ளையின் கம்பெனி தன் திட்டத்தில் சேருபவர்களுக்குப் போடும் ஹெச்.எஸ்.ஏ. பணமும் கிடைக்காது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று அப்பாவின் சாதாரண பி.பி.ஓ.வில் இருந்துகொண்டே சொந்த ஹெச்.எஸ்.ஏ. திட்டத்திலும் சேர்ந்தால், கணக்கில் பணம் போடும் தகுதியே போய்விடும்.

வீட்டில் யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளெய்முக்கும் வரும் விளக்கக் கடிதம் பொதுவாக பாலிசிதாரருக்கே, அதாவது அப்பாவுக்கே போகும். மனநல ஆலோசனையோ கருத்தடை மாத்திரையோ, எங்கே என்ன செலவு என்று அவருக்குத் தெரிய வரும். கலிபோர்னியாவில் பிள்ளை கேட்டால் தனி முகவரிக்கு அனுப்பச் சட்டம் இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடும் பிள்ளைக்கு, இலவச அட்டையைவிட மாதம் நூறு டாலர் கொடுத்து வாங்கும் சொந்த அட்டை மேல்.

கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாத வேலை என்றால், தனிநபர்கள் இன்சூரன்ஸ் வாங்கும் அரசுச் சந்தையான மார்க்கெட்பிளேஸ் (பல மாநிலங்களில் ஹெல்த்கேர்.கவ் தளம்) உண்டு. பெற்றோர் இன்னும் பிள்ளையை டிபெண்டண்டாகக் காட்டினால், பிரீமியத்துக்கான மானியம் அவர்கள் வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

26-வது பிறந்தநாள் நெருங்கும்போது தேதி முக்கியம். கம்பெனித் திட்டங்களில் சில அன்றே நிற்கும், பல அந்த மாதக் கடைசியில் நிற்கும். பெற்றோருடையது ஹெல்த்கேர்.கவ் மூலம் எடுத்தது என்றால் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை ஓடும். சொந்தக் கம்பெனித் திட்டத்தில் சேரப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம்; மார்க்கெட்பிளேஸில் முன்னும் பின்னும் 60 நாள். பெற்றோரின் கம்பெனித் திட்டத்தைச் சொந்தச் செலவில் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டம் மூலம் 36 மாதம் நீட்டிக்கலாம், முழு பிரீமியத்தோடு 2 சதவீதமும் சேர்த்துக் கட்ட வேண்டும். நியூயார்க்கில் 30, நியூஜெர்சியில் 31 வயது ஆகும் வரை நீட்டிக்கச் சட்டம் உண்டு, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தானே ஏற்கும் பெரிய கம்பெனிகளை இந்த மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தாது. அப்பாவின் கம்பெனி எந்த வகை என்று எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.