புற்றுக்காளானா, பச்சைத்தூள் காளானா? தோட்டத்தில் முளைத்ததைப் பிரித்தறிதல்

நல்ல மழைக்குப் பிறகு தோட்டத்தில் வெள்ளைக் குடை விரிந்தால் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டுக்கு இடையில்தான் குழப்பம். ஒன்று கறிக்கு ஆகும் புற்றுக்காளான்; இதில் வளையம் உள்ள வகைக்கு டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயர். இன்னொன்று புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் வரும் பச்சைத்தூள் காளான், அதாவது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் புரட்டிப் போட்டுவிடும். இரண்டுமே வெள்ளை, இரண்டுக்கும் தண்டில் வளையம், இரண்டுக்கும் குடை நடுவில் பழுப்பு. மேலிருந்து எடுத்த படத்தைச் செல்போன் செயலிக்குக் காட்டினால் அது தடுமாறுவதில் வியப்பில்லை. முதல் அடையாளம் குடைக்கு மேலே இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது.

அதனால் பிடுங்காதீர்கள். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தியை இறக்கி, மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். புற்றுக்காளானின் தண்டு மண்மட்டத்தோடு நிற்காது. வேர்போல மெலிந்துகொண்டே கீழே போய்க் கரையான் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டில், அந்தப் பஞ்சுபோன்ற பழுப்புத் தேனடையில், முடியும். சில இடங்களில் முழங்கை ஆழத்துக்கும் போகும். இழுத்தால் பாதியில் அறுந்துவிடும், பிறகு 'வேர் இல்லை' என்று தோன்றும். பச்சைத்தூள் காளானுக்கு அந்த வேர் கிடையாது. தண்டின் அடி சற்றே பருத்து, மண்ணின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும்.

அடுத்து குடை. புற்றுக்காளானின் நடுவில் பெரும்பாலும் கடினமான கூர்முனை துருத்தி நிற்கும். அதை வைத்துத்தான் அது மண்ணைத் துளைத்து வருகிறது. மொட்டாக இருக்கும்போதே ஈட்டிமுனை தெரியும். மற்றது மொட்டில் முட்டைபோல உருண்டை. விரிந்ததும் மேல்தோல் வெடித்துப் பழுப்புப் பொருக்குகளாகச் சிதறிக் கிடக்கும், 20 சென்டிமீட்டரையும் தாண்டும். முற்றியதன் வளையத்தை விரலால் தள்ளினால் பெரும்பாலும் தண்டில் மேலும் கீழும் நகரும்.

குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இளசில் இரண்டும் வெள்ளை. பச்சைத்தூள் காளானின் மடிப்பு முற்றிய பிறகுதான் மங்கிய பச்சையாக மாறும். இளசாகப் பறித்துக் குழம்பு வைப்பவர் அந்தப் பச்சையைப் பார்ப்பதே இல்லை.

இதற்கு வித்துப்பதிவுதான் வழி, அதாவது மடிப்புகளிலிருந்து உதிரும் தூளைத் தாளில் படியவைத்து நிறம் பார்ப்பது. நன்றாக விரிந்த காளானின் தண்டைக் குடையை ஒட்டி வெட்டி, குடையை மட்டும் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒட்டிய தாளில் மடிப்பு கீழே இருக்கும்படி வையுங்கள். குடை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் மூடி 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். மூடாமல் வைத்தால் காற்று தூளை அடித்துப்போகும், மொட்டை வைத்தால் ஒன்றும் விழாது. இளஞ்சிவப்பு கலந்த வெண்மை என்றால் புற்றுக்காளானோடு ஒத்துப்போகிறது. பச்சை என்றால் குப்பைக்குழிதான். கறுப்புப் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை விழுந்தால் இரண்டுமில்லை. கல்லீரலைக் கெடுக்கும் அமானிட்டா, லெபியோட்டா வகைகள் இந்த வெள்ளைத்தூள் கூட்டத்தில் உண்டு. தண்டின் அடியில் உறைபோன்ற பை தெரிந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வேர், கூர்முனை, தூள் மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றும் பொருந்தினாலும் அந்தக் காளானைப் பல ஆண்டுகளாகப் பறித்துத் தின்னும் ஒருவர் நேரில் பார்க்காமல் அடுப்பேற்றக் கூடாது.

கொதிக்கும்போது வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்பவையெல்லாம் சோதனையே அல்ல. அமானிட்டாவின் நஞ்சு எதையும் கறுக்கச் செய்யாது, கொதித்தாலும் அழியாது. புழு தின்றிருந்தால் நல்லது என்பதும் அப்படித்தான். நத்தையும் புழுவும் நமக்கு ஆகாததையும் தின்னும்.

தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்தி, பேதிதான் கூடுதல் ஆபத்து. இடையில் தேறியதுபோலத் தோன்றி, மூன்றாம் நாள் வாக்கில் கல்லீரல் செயலிழக்கலாம். மிச்சக் காளானைப் பாலித்தீன் பையில் போட்டால் அழுகிவிடும். காகிதத்தில் சுற்றி, தண்டின் அடிப்பகுதியோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.